பெயர், வேறுபாடு, 'நாம யாரு': பத்தாங் பெர்ஜுந்தைக்காரங்க வந்து பேசுங்க

#1 செம்பனைநிழல் (இழை தொடங்கியவர்)

மலேசியா, சிலாங்கூர்ல இருக்கற நம்ம பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயான்னு பேர் வெச்சாங்க. பழைய பேரு மலாய்ல காதுக்கு ஒரு மாதிரி கேக்குதுன்னு காரணம். பலகை மாறிச்சு, முகவரி மாறிச்சு. கல்யாணப் பத்திரிகையில மட்டும் ரெண்டு பேரையும் போட வேண்டியிருக்கு. காலேஜ் பிள்ளைங்க "யூனிசெல் (பல்கலைக்கழகம்) இருக்கே, அந்த ஊரு"ங்குதுங்க. பெரியவங்களுக்கு "பத்தாங்"னு சொன்னாப் போதும்.

இதை வெச்சு ஒரு விஷயம் பேசலாம்னு தோணுச்சு. ஃபெர்டினான்ட் டி சசூர்னு ஜெனீவாக்காரர் ஒருத்தர். 1913-இல் இறந்துட்டாரு. வகுப்புல அவர் சொன்னதை மத்தவங்க தொகுத்து 1916-இல் புத்தகமாக்கினாங்க. அவர் சொன்னதன் சாரம்: ஒரு சொல்லுக்குள்ள பொருள் தனியா குடியிருக்கல. பக்கத்துச் சொல்லுங்ககிட்டேர்ந்து அது எங்க விலகி நிக்குதோ அதுதான் அதோட மதிப்பு. மொழியில இருக்கறதெல்லாம் வேறுபாடுங்கதான்.

எனக்கு இது பிடிபட்டது தென்னமரம் தோட்டத்தால. 1917-இல் ஆன்ரி ஃபோக்கோனியேங்கிற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டோட முதல் வணிகச் செம்பனையை நட்டது அங்கதான். (பிற்பாடு அவரு நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினாரு, அது தனிக் கதை.) நூறு வருஷத்துக்கு மேல செம்பனைக்குப் பேர்போன தோட்டம், பேரு தென்னமரம். யாராச்சும் குழம்பினாங்களா? இளநி வெட்ட அரிவாளோட யாரும் போனதாத் தெரியல. அங்க என்ன மரம் நிக்குதுன்னு சொல்றது அந்தப் பேரோட வேலையில்ல. இது ராஜா மூசா தோட்டம் இல்ல, பக்கத்துல இருக்கற வேற எதுவும் இல்லன்னு பிரிச்சுக் காட்டறதுதான் வேலை.

சரி, சொல்லுக்கு இது பொருந்துதுன்னா ஆளுக்கும் பொருந்துமா? "நான் தமிழன்"ங்கறதுக்குள்ள சரக்குன்னு ஏதாச்சும் இருக்கா, இல்ல சீனன் இல்ல, மலாய்க்காரன் இல்லங்கற விலகல் மட்டுந்தானா?

#2 பழையகிராணி

தம்பி, தோட்டத்துக்குள்ள யாரும் யாரையும் தமிழன்னு கூப்பிட்டதே கிடையாது. லயம் (தோட்டத்து வரிசை வீடுங்க) பூரா தமிழாளு, அங்க அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? உள்ளுக்குள்ள இருந்த பிரிவே வேற. எந்த ஜில்லாவுலேர்ந்து வந்த குடும்பம், மேல் லயமா கீழ் லயமா, மாரியம்மன் திருவிழாவுல எந்த நாள் உபயம், மரம் வெட்டற (ரப்பர் பால் எடுக்கற) ஆளா, வெளிக்காட்டு வேலையா, ஸ்டோர் ஆளா. அப்புறம் சாதி.

"தமிழாளு"ங்கற வார்த்தை ஆபீஸ் வாசல்லதான் வாயில வரும். உள்ள மேசைக்குப் பின்னால கணக்கெழுதற மலையாளத்துக் கிராணியோ யாழ்ப்பாணத்துக் கிராணியோ உக்காந்திருப்பாரு. கவனிங்க, யாழ்ப்பாணத்தவரும் தமிழ்தான் பேசினாரு, நம்மளவிடச் சுத்தமாவே. ஆனா அவரைத் தமிழாளுன்னு லயத்துல சொல்லமாட்டாங்க. "சிலோன்காரரு." மொழி ஒண்ணா இருந்தும் கோடு விழுந்துச்சு, ஏன்னா அவருக்கு மேசை, நமக்குக் காண்டா வாளி (பால் சுமக்கற வாளி).

நான் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் என்னையும் "நம்மாளு"ன்னு சொல்றது மெல்லக் குறைஞ்சுபோச்சு. நான் பேசின தமிழு மாறல.

#3 பால்வாளி

இதெல்லாம் படிச்சவங்க விளையாட்டு. காலையில பெரட்டுல (ஆள் கணக்கெடுக்கற இடத்துல) பேர் குடுத்துட்டு, தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு நெரையில (மர வரிசையில) இறங்கறவனுக்கு தான் யாருன்னு தெரிய இன்னொருத்தன் எதிர்ல நிக்கணுமா? அட்டை கடிச்சா வலிக்குதே, அது எதோட வேறுபாடு? மழை பேஞ்சா மங்குல (மரத்துல பால் பிடிக்கற கிண்ணத்துல) பால் தண்ணியாப் போவும், அன்னிக்குக் கூலி போச்சு. அந்தக் கவலைக்குப் பொருள் அதுக்குள்ளேயே இருக்கு.

சொல்லுக்குப் பொருள் புழங்கறதால வருது. விலகி நிக்கறதால இல்ல.

#4 செம்பனைநிழல்

@பால்வாளி அண்ணே, அட்டை கடிக்கறதை சசூர் மறுக்கமாட்டாரு. உலகத்துல ஒண்ணுமே இல்ல, எல்லாம் சொல்லுதான்னு அவர் சொல்லல. சொல்லு எப்படி வேலை செய்யுதுன்னுதான் சொல்றாரு. நீங்க சொன்ன மங்குங்கற சொல்லையே எடுத்துக்குங்க. சென்னையில போய் மங்குன்னு சொன்னா முகத்துல வர்ற கறுப்புத் திட்டுன்னு நினைச்சு களிம்பு எழுதிக் குடுப்பாங்க. பால் மரம், கத்தி, வாளி, ஸ்டோர், ஒட்டுப்பால், இத்தனையும் சுத்தி நின்னாத்தான் மங்கு மங்காகுது. அந்தக் கூட்டத்தைவிட்டுப் பிரிச்சு எடுத்தா அது வெறும் சத்தம்.

இன்னொண்ணு, நம்ம வாயில ழ வர்றதில்லன்னு மேடைக்கு மேடை திட்டு வாங்கறோம். வாளப்பளம், மளை, தமிளு. ஏட்டுல வால், வாள், வாழ்னு மூணு இருக்கு, வாயில ரெண்டுதான். அதனால யாராச்சும் மழைக்குக் குடை எடுக்க மறந்தாங்களா? எந்த வேறுபாடு போனாலும் மத்த சொல்லுங்க தாங்கிப் பிடிக்குதோ, அந்த வேறுபாட்டை மொழி விட்டுடும். பல்லியையும் பள்ளியையும் இன்னும் யாரும் குழப்பிக்கல. ல, ள பிரிவு நமக்கு வேண்டியிருக்கு, வெச்சிருக்கோம்.

#5 நாலாங்கட்டை

தலைப்புக்குச் சம்பந்தம் இருக்கான்னு தெரியல, இருந்தாலும் சொல்றேன். சசூர் குடுத்த உதாரணமே ஆட்டுக்கறிதான். பிரெஞ்சுல மேயற செம்மறியும் மூத்தோன் (mouton), தட்டுல வர்றதும் மூத்தோன். இங்கிலீஷ்ல மேயறது ஷீப், தட்டுல வந்தா மட்டன். பக்கத்துல இன்னொரு சொல்லு நிக்கறதால ரெண்டு பாஷையிலயும் மதிப்பு வேற வேற ஆயிடுதுங்கறாரு.

அந்த மட்டன் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்து வெள்ளாடாயிடுச்சு! செம்மறி வேணும்னா லேம்ப்னு கேக்கணும், இல்லன்னா கடைக்காரர் நம்மளை ஒரு மாதிரி பாப்பாரு. சசூர் நம்ம பாசாருக்கு (சந்தைக்கு) ஒருக்கா வந்திருந்தா இன்னொரு அத்தியாயத்தைப் பொங்குஸ் பண்ணிக் (பொட்டலம் கட்டிக்) கொண்டுபோயிருப்பாரு லா.

#6 மட்டறுத்துநர்

சாதி பெயர்களைக் குறிப்பிட்ட சில பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. பொருளோடு ஒட்டிப் பேசவும்.

#7 பால்வாளி

சாதியைத் தூக்கிட்டு வேறுபாட்டைப் பத்திப் பேசச் சொல்றீங்க. நடத்துங்க.

#8 கரும்பலகை

செம்பனைநிழல் தம்பி, ஜெனீவாவுக்குப் போகும் வழியில் காஞ்சிபுரத்தில் இறங்கியிருக்கலாம். திக்நாகர் என்ற பௌத்தத் தர்க்க அறிஞர் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். மரபுச் செய்திகள் அவரைக் காஞ்சிப் பக்கத்துக்காரர் என்கின்றன. அவருடைய கொள்கைக்கு அபோகம் என்று பெயர். 'பசு' என்ற சொல் எல்லாப் பசுக்களுக்குள்ளும் உறையும் பசுத்தன்மை எதையும் தொடுவதில்லை. பசு அல்லாதவற்றை விலக்குகிறது. சொல்லின் வேலை அத்தோடு முடிந்தது. சசூருக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகள் மூத்த சிந்தனை இது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். திக்நாகருக்கு அறிவு எப்படிப் பிறக்கிறது என்பதுதான் கவலை, சசூருக்கு மொழி என்ற அமைப்பு.

அபோகத்துக்கு அப்போதே எதிர்ப்பு வந்தது. வேத மரபைச் சேர்ந்த மீமாம்சகரான குமாரிலர் மடக்கினார்: பசு அல்லாதது எது என்று தெரிய முதலில் பசு எது என்று தெரிய வேண்டாமா? தெரிந்துவிட்டால் விலக்கு எதற்கு? பௌத்தர்கள் இதற்குப் பதில் எழுதியே பல தலைமுறைகளைக் கழித்தார்கள்.

நான் ஆசிரியை. ஆண்டுத் தொடக்கத்தில் படிவம் நிரப்புவது எங்கள் தலையெழுத்து. பங்சா (இனம்) என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் (மற்றவர்). நான்காவது கட்டம் கலப்பில்லாத அபோகம். முதல் மூன்றும் அல்லாதவர் அங்கே போக வேண்டும், வேறு தகுதி தேவையில்லை. யுரேசியப் பிள்ளை இருக்கும், சயாமியப் பிள்ளை இருக்கும், இருவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. "நான் ஒரு லாயின்-லாயின்" என்று மார்தட்டிக்கொண்டு நிற்கும் ஆளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? லாயின்-லாயின் மொழி வாழ்க என்று கோஷம் கேட்டிருக்கிறீர்களா? விலக்கினால் மட்டும் ஓர் அடையாளம் பிறக்கும் என்றால் நாட்டிலேயே உறுதியான இனம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெறும் விலக்கு கட்டத்தை உண்டாக்கும், ஆளை உண்டாக்காது என்பதுதான் என் எண்ணம்.

#9 பால்வாளி

டீச்சர் என் கட்சி. நன்றிங்க டீச்சர்.

#10 நீலஐசி

டீச்சர் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து பாதியில் விட்டுவிட்டார்கள். அந்த நான்கு கட்டத்தையும் போட்டது யார்?

சசூரின் கருத்தை மனிதர்கள்மேல் அப்படியே கவிழ்க்க முடியாததற்குக் காரணம் இந்தக் கேள்விதான். நம் வாயில் ழ போனதற்கு யாரும் உத்தரவு போடவில்லை. மட்டனை வெள்ளாடாக்க எந்த இலாகாவும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. மொழியில் வேறுபாடுகள் தாமாகப் படிகின்றன, எவராலும் தனியாகப் போய் மாற்ற முடியாது, இதை சசூரே சொல்கிறார். ஆள் விஷயம் அப்படியில்லை. மனிதனுக்கு மனிதன் ஆயிரம் வேறுபாடு உண்டு: உயரம், இடதுகை வலதுகை, மீன் சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர். இந்த ஆயிரத்தில் எது கணக்கில் வரும் என்று ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து முடிவு செய்கிறார். பெரட்டுக் களத்தில் செக்ரோல் என்ற ஆள் கணக்குப் புத்தகம், பள்ளியில் பதிவேடு, பிறகு ஐசி (அடையாள அட்டை).

1891-இல் நீரிணைக் குடியேற்றங்களில் (பிரிட்டிஷார் ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் நமக்கு இருந்த தலைப்பு 'தமிழரும் இந்தியாவின் பிற பூர்வ குடிகளும்'. தமிழர் தலை, மற்ற இந்தியர் வால். பிற்காலக் கணக்குகளில் தலைப்பு 'இந்தியர்' ஆனது, தமிழர் அதற்குள் ஒரு கிளை. இடைப்பட்ட காலத்தில் தோட்டத்தில் எந்தத் தாத்தாவும் ஒரு காலையில் எழுந்து "இன்றுமுதல் நான் இந்தியன்" என்று சொல்லிக்கொள்ளவில்லை. மாறியது மேசைக்கு அந்தப் பக்கம். ஆனால் மூன்று தலைமுறை கழித்து, நம் பிள்ளைகள் தெலுங்கு வீட்டுப் பிள்ளையையும் பஞ்சாபிப் பிள்ளையையும் சேர்த்து "நம்ம இந்தியன்ஸ்" என்கிறார்கள். பகான் டத்தோ பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய உண்டு, தங்கள் மொழியை விடாமல் வைத்திருப்பவர்கள். படிவத்தில் அவர்களும் இந்தியா, நானும் இந்தியா. கட்டம் முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்து அதில் குடியேறினான். டீச்சர் சொன்ன 'ஆள்' இப்படியும் உண்டாவதுண்டு.

அரசியலமைப்பின் 160-ஆவது விதியைப் பாருங்கள். மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைத் தழுவியவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் மரபைப் பின்பற்றுபவர். பிறப்பு, வசிப்பிடம் பற்றி ஒரு நிபந்தனையும் கூட வருகிறது. தோல் நிறம் இல்லை, மூக்கு அளவு இல்லை. ஓர் இனத்தின் வரையறைக்குள் "வழக்கமாகப் பேசும் மொழி" என்பது சட்ட வாசகமாகவே உட்கார்ந்திருக்கிறது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சில கோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனது இந்த வாசலால்தான்.

"மொழி போனா எல்லாம் போச்சு" என்று மேடையில் முழங்குபவர்கள் மலாக்கா காஜா பெராங் பக்கம் ஒரு நடை போய் வரலாம். மலாக்கா செட்டிகள் பல நூறு ஆண்டுகளாக அங்கே இருப்பவர்கள். வீட்டில் பேசுவது மலாய்க் கிரியோல் (கலப்பு மொழி), பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். போகியன்று முன்னோருக்குப் படையல் போட்டு அதைப் 'பர்ச்சு' என்கிறார்கள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்கள் கட்டியது. தமிழ் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் அவர்கள் செட்டிகள்தான். 1969-இல் நார்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் சொன்னது இங்கே கச்சிதமாகப் பொருந்தும்: ஒரு கூட்டத்தைக் கூட்டமாக வைத்திருப்பது எல்லை. எல்லைக்குள் இருக்கும் பண்பாட்டுச் சரக்கு மாறிக்கொண்டே போகலாம். எனக்கு அவரோடு ஒரு குறைதான். எல்லையில் நிற்கும் காவல்காரனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவர் போதுமான அளவு கேட்கவில்லை.

#11 செம்பனைநிழல்

நீலஐசி அண்ணே, செக்ரோல் பாயிண்டு சூப்பர். ஆனா ஒண்ணு இடிக்குது. யாரும் பேனா எடுக்காமலே ஆள் வேறுபாடு உண்டாகறதும் இருக்கே? லயத்துல மேல் லயம் கீழ் லயம்னு இருந்ததை யாரு எழுதி வெச்சா?

#12 பழையகிராணி

அதுக்கு நான் பதில் சொல்றேன். லயத்துல எந்த வீட்டுக்கு யாருன்னு ஒதுக்கறது ஆபீசுதான், ஆனா கங்காணி காலத்துல கங்காணி தன் ஊர் ஆளுகளைக் கொண்டுவந்து ஒரே வரிசையில வெச்சதுதான் ஆரம்பம். அப்புறம் அது பழக்கமாயிடுச்சு, எழுதினவங்க பேரு மறந்துபோச்சு. பேனா எப்பவும் கண்ணுல படாது தம்பி.

ஆனா நீ கேட்டதுலயும் நியாயம் இருக்கு. "ஊரு"ங்கற சொல்லை யாரும் சட்டம் போட்டு மாத்தல. எங்க பாட்டிக்கு ஊருன்னா இந்தியா. "ஊருக்குக் கடுதாசி போட்டியா"ன்னா நாமக்கல்லு. இருந்தது இங்க, செத்தது இங்க, ஊரு மட்டும் அங்க. இப்ப சாப்பாட்டுக் கடையில வேலை செய்யத் தமிழ்நாட்டுப் பையனுங்க வர்றாங்க. அவங்களைத்தான் நாம "ஊர்க்காரன்"ங்கறோம். பசியாறியாச்சான்னு நாம கேட்டா அவனுங்க முழிப்பானுங்க, டிபன் சாப்டீங்களான்னு அவனுங்க கேட்டா நாம சிரிப்போம். நாங்கதான் ஊர்க்காரங்களா இருந்தோம். அவனுங்க வந்து நின்னதும் அந்தப் பேரைக் கழட்டி அவனுங்க தலையில மாட்டிட்டு நாங்க மலேசியத் தமிழர் ஆயிட்டோம். தமிழன்ங்கற சொல்லு போதலன்னு முன்னால ஒரு அடையும் சேர்ந்துச்சு பாத்தீங்களா?

#13 கரும்பலகை

ஐயா சொன்னது செம்பனைநிழல் கேள்விக்கு இதுவரை வந்த பதில்களில் ஆகச் சிறந்தது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்தப் பையன்களும் இங்கே வருமுன் தங்களை 'இந்தியாக்காரன்' என்று அழைத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். அங்கே அவர்கள் தஞ்சாவூரோ இராமநாதபுரமோ.

#14 நாலாங்கட்டை

அது சரி, தோட்டமே போனப்புறமும் "எந்தத் தோட்டம்?"னு கேக்கறாங்களே, அதை என்ன பண்றது? பொண்ணு பாக்கப் போனா மாப்பிள்ளை ஐடி வேலைன்னு சொல்றதுக்கு முன்னாடி அப்பா எந்தத் தோட்டத்துக்காரருன்னு கேள்வி வருது. லயத்தை இடிச்சுட்டாங்க, கோயில் இடம் மாறிடுச்சு, அந்த நிலத்துல தாமான் (வீட்டுக் குடியிருப்பு) வந்து வீடு இத்தனை லட்சம்னு விக்குது. மாப்பிள்ளை பையன் அந்தத் தோட்டத்தைக் கண்ணால பாத்ததில்ல.

#15 செம்பனைநிழல்

அதான் அண்ணே என் முதல் பதிவோட கருத்து! தோட்டம் இல்லாமப் போனாலும் தோட்டத்துப் பேரு பிரிச்சுக் காட்டற வேலையைச் செஞ்சுக்கிட்டேதான் இருக்கு. இன்ன தோட்டம்னா இன்ன கோயில், இன்ன சொந்தம். பொருள் செத்தாலும் பேரோட வேலை நிக்கல.

#16 பால்வாளி

தம்பிக்கு இதுல சந்தோஷம், எனக்கு இல்ல. அந்தக் கேள்வியைக் கேக்கறவங்க பாதிப் பேரு தோட்டத்துப் பேரு மூலமா, மட்டறுத்துநர் நீக்கின சமாச்சாரத்தைத்தான் விசாரிக்கறாங்க. எந்தத் தோட்டம், எந்த லயம்னு கேட்டா நேராக் கேக்க வேண்டியதில்ல பாருங்க. வேறுபாடு வேறுபாடுன்னு இங்க நல்லாப் பேசறீங்க. வேறுபாடு பக்கம் பக்கமா நிக்கறதில்ல, ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது. வால், வாள்னா ஒண்ணுக்கொண்ணு உசத்தி தாழ்த்தி இல்ல. மேசை, வாளின்னா இருக்கு.

#17 நீலஐசி

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வரியில் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

#18 பால்வாளி

இன்னொண்ணும் சொல்லிட்டுப் போறேன். இப்ப எங்க தோட்டத்துல (பேரு வேணாம், செம்பனைத் தோட்டம்) லயத்துல இருக்கறது பெரும்பாலும் பங்களாதேஷ் பசங்களும் இந்தோனேசியாக்காரங்களும். நம்மாளுக அவங்களைப் "பங்ளா"ங்கறாங்க. எங்கப்பா காலத்துல பங்களான்னா மேட்டு மேல துரை இருந்த வீடு. அந்தப் பக்கம் போனா செருப்பைக் கழட்டணும். இப்ப அதே சத்தம் கடைசி வரிசை ஆளைக் குறிக்குது.

#19 கரும்பலகை

இரண்டும் ஒரே வேர்தான் பால்வாளி. வங்காள பாணியில் கட்டிய வீட்டைத்தான் வட இந்தியாவில் பங்களா என்றார்கள். துரை குடியிருந்தது வங்காளத்தான் வீட்டு மாதிரியில்.

#20 நீலஐசி

பால்வாளி, ஒரு கேள்வி. உங்கள் தோட்டத்தில் இப்போது பெரட்டில் பெயர் எழுதுவது யார்?

#21 பால்வாளி

நம்மாளுதான். தண்டலு (வேலையாளுங்களை மேய்க்கறவரு) தமிழாளு. புத்தகமெல்லாம் இல்ல, போன்லயே கட்டம் போட்டு வெச்சிருக்காரு. மூணு கட்டம்: பங்ளா, இந்தோ, லோக்கல். நானு லோக்கல்.

#22 நாலாங்கட்டை

மூணு கட்டத்துக்கும் கூலி ஒண்ணா?

#23 பால்வாளி

கணக்குல ஒண்ணுதான். எந்த நெரை யாருக்குன்னு பிரிக்கறாரு பாருங்க, அங்க தெரியும். சரிவுல கடைசி நெரை ஒரு நாளும் லோக்கலுக்கு வராது. நாங்களும் ஏன்னு கேட்டதில்ல.